நிலாவுக்குப் போக ஏன் 40 நாள்? தற்காலிக சுற்றுப்பாதைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சந்திரயான்-3 2023 ஜூலை 14-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை நிலாவில் இறங்கியது. 40 நாள். 1969-இல் அப்பல்லோ 11 நான்கே நாளில் இறங்கிவிட்டது. ஐம்பது வருடம் கழித்துப் போகிறோம், ஏன் பத்து மடங்கு நேரம் என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். "நம்மிடம் அவ்வளவு பெரிய ராக்கெட் இல்லை, அதனால் பூமியைச் சுற்றிச் சுற்றிப் போகிறோம்" என்பது வழக்கமாக வரும் பதில். அது பாதி உண்மைதான். ஆனால் உலகத்திலேயே பெரிய ராக்கெட்டை வைத்திருந்த அப்பல்லோவும் நேராகப் போகவில்லை, முதலில் பூமியைச் சுற்றிவிட்டுத்தான் கிளம்பியது, நிலாவுக்குப் போன பிறகு அதையும் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. செவ்வாய்க்குப் போன கலங்கள், உங்கள் வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள் எல்லாமே தம்முடைய கடைசி இடத்துக்குப் போவதற்கு முன்னால் ஏதோ ஒரு தற்காலிகப் பாதையில் சில மணி நேரமோ சில மாதமோ சுற்றியவைதான்.

இந்தத் தற்காலிகப் பாதைகளை வசதி இல்லாதவர்களின் மாற்றுவழி என்று பார்ப்பது தவறு என்பது என் கருத்து. சரிபார்க்க, காத்திருக்க, தவறினால் இன்னொரு முறை முயல விண்வெளிப் பயணத்தில் நேரம் கிடைப்பது இந்தப் பாதைகளில்தான். அதோடு, இருக்கிற கொஞ்ச எரிபொருளிலிருந்து அதிகப் பலனைக் கறந்துகொள்ளவும் இவைதான் வழி. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சுற்றுப்பாதை என்றால் என்ன என்று கொஞ்சம் பேசிவிடலாம், இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். விண்வெளிக்குப் போவது என்றால் மேலே போவது என்று நினைக்கிறோம், ஆனால் ராக்கெட்டின் உழைப்பில் பெரும்பகுதி பக்கவாட்டில் வேகம் சேர்ப்பதற்குத்தான் போகிறது. 170 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு ஒன்றும் காணாமல் போய்விடுவதில்லை, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 95 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒரு பொருள் நொடிக்கு சுமார் 7.8 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடினால், அது விழுகிற அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து கீழே போய்க்கொண்டே இருக்கும், ஆகவே விழுந்துகொண்டே இருந்தாலும் தரையைத் தொடாது. அதுதான் சுற்றுப்பாதை. இன்ஜின் ஓட வேண்டிய அவசியம் இல்லை, எரிபொருள் ஒரு சொட்டுக்கூடச் செலவாகாது. தற்காலிகப் பாதையில் காத்திருப்பது மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே இடத்தில் வேகம் 7.8-ஐ விடக் கூடினால் வட்டம் நீண்டு நீள்வட்டமாகிறது. பூமிக்கு மிக அருகில் வரும் இடத்தை அண்மைப்புள்ளி என்றும் மிகத் தொலைவில் போகும் இடத்தை சேய்மைப்புள்ளி என்றும் சொல்வார்கள். செய்திகளில் "170 x 36,500 கி.மீ. சுற்றுப்பாதை" என்று வருவது இந்த இரண்டு உயரங்கள்தான். அருகில் வரும்போது கலம் பறக்கும், தொலைவில் போகப் போகத் தளர்ந்து மெதுவாகும். 170 x 36,500 பாதையில் அண்மைப்புள்ளியில் வேகம் நொடிக்கு 10 கி.மீ.க்கு மேல், சேய்மைப்புள்ளியிலோ 1.6 கி.மீ. தான்.

இங்கே ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பயணம் முழுவதும் இதுதான் திரும்பத் திரும்ப வரும். எந்த இடத்தில் இன்ஜினை இயக்குகிறீர்களோ, அந்த இடத்துக்குக் கலம் அடுத்த சுற்றில் திரும்பி வந்துவிடும். உயரம் மாறுவது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில். அண்மைப்புள்ளியில் வேகத்தைக் கூட்டினால் சேய்மைப்புள்ளி உயரும். சேய்மைப்புள்ளியில் கூட்டினால் அண்மைப்புள்ளி உயரும். வேகத்தைக் குறைத்தால் அதே மாதிரி எதிர்ப்பக்கம் இறங்கும். அவ்வளவுதான், இந்த ஒரு விதியை வைத்தே நிலா வரை போய்விடலாம்.

சரி, அப்பல்லோவுக்கு வருவோம். சாட்டர்ன் 5 ராக்கெட் அப்பல்லோ 11-ஐ சுமார் 12 நிமிடத்தில் ஏறக்குறைய 185 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் விட்டது. இதற்குப் பெயரே பார்க்கிங் ஆர்பிட். அங்கே ஒன்றரைச் சுற்று சுற்றினார்கள். ஏவியதிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, ராக்கெட்டின் மூன்றாம் கட்ட இன்ஜின் மறுபடி எரிந்து ஆறு நிமிடத்துக்குள் அவர்களை நிலாவை நோக்கி அனுப்பியது. கையில் அவ்வளவு சக்தி இருந்தும் ஏன் அந்த ஒன்றரைச் சுற்று?

நிலாவுக்குப் போகும் நீள்வட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நிலாதான் தீர்மானிக்கிறது. கலம் போய்ச் சேரும் நேரத்தில் நிலா எங்கே இருக்குமோ, கிட்டத்தட்ட அதற்கு எதிர்ப்பக்கத்தில், பூமிக்கு அந்தப் புறத்தில் இன்ஜின் எரிய வேண்டும். ஆனால் ஏவுதளம் புளோரிடாவில் ஒரே இடத்தில் இருக்கிறது, பூமியும் அதைத் தூக்கிக்கொண்டு சுழல்கிறது. நேராக ஏவினால் எரிய வேண்டிய இடமும் ஏவுதளமும் பொருந்தி வரும் அந்தச் சில கணங்களில் மட்டும்தான் கிளம்ப முடியும், ஒரு மேகம் வந்து மறைத்தாலும் அன்றைய வாய்ப்பு போனது. நடுவில் ஒரு பார்க்கிங் பாதையை வைத்துவிட்டால், எப்போது ஏவுகிறோம் என்பதையும் எங்கே எரிக்கிறோம் என்பதையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். ஏவுவது கொஞ்சம் தாமதமானால் எரிக்கும் இடத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றில் எரிக்க முடியாவிட்டால் மூன்றாவதில் எரிக்கலாம். அதற்குள் விண்வெளி வீரர்களும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்களும் கலத்தின் ஒவ்வொரு அமைப்பையும் பரிசோதித்துவிட்டார்கள். ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்து வீடு திரும்புவது எளிது, நிலாவுக்குப் பாதி வழி போன பிறகு எளிதல்ல, அதை 1970-இல் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்த அப்பல்லோ 13 நன்றாகவே காட்டியது.

ஆனால் பார்க்கிங் பாதையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நிறுத்திய இன்ஜினை மறுபடி எரிய வைக்க வேண்டும், அதுவும் எடையின்மையில். தொட்டிக்குள் திரவ எரிபொருள் அடியில் தங்காமல் உருண்டைகளாக மிதக்கும், குழாயின் வாய்க்குத் திரவம் வருமா வாயுக்குமிழி வருமா என்று சொல்ல முடியாது. அதற்காகச் சின்ன உந்திகளைச் சில நொடிகள் இயக்கி, கலத்தை மெல்ல முன்னால் தள்ளி, எரிபொருளைத் தொட்டியின் அடிக்குக் கொண்டுவந்த பிறகே பெரிய இன்ஜினை எரிப்பார்கள். கேட்க எளிதாக இருந்தாலும் இதைக் கற்றுக்கொள்ளப் பலத்த விலை கொடுத்தார்கள். 1961 பிப்ரவரி 4-ஆம் தேதி சோவியத் யூனியன் வெள்ளிக் கோளுக்கு அனுப்பிய கலத்தின் கடைசிக் கட்டம் பார்க்கிங் பாதையில் எரியாமல், கலம் பூமியின் பிடியிலேயே மாட்டிக்கொண்டது. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 12-ஆம் தேதி கிளம்பிய வெனேரா 1 தான் பார்க்கிங் பாதையிலிருந்து இன்னொரு கோளை நோக்கிப் புறப்பட்ட முதல் கலம். அதே வருடம் அமெரிக்காவின் ரேஞ்சர் 1, ரேஞ்சர் 2 ஆய்வுக்கலங்கள் இரண்டுமே, ராக்கெட்டின் மேல்கட்டமான ஏஜினா மறுபடி சரியாக எரியாததால் அங்கேயே சிக்கி, பிறகு விழுந்தன. இது பழைய காலத்துக் கதை மட்டுமல்ல. 1996-இல் ரஷ்யாவின் செவ்வாய்க் கலமான மார்ஸ் 96-ம் இப்படி மறுபடி எரிக்கும் இடத்தில்தான் தோற்றது. 2011 நவம்பரில் கிளம்பிய போபோஸ்-கிரண்ட், செவ்வாயின் துணைக்கோளுக்குப் போக வேண்டியது, பூமியின் தாழ்வான பாதையிலிருந்து வெளியேறவே முடியாமல் இரண்டு மாதம் சுற்றி 2012 ஜனவரியில் பசிபிக் கடல் பக்கம் விழுந்தது.

ஏன் விழுந்தது? அந்த உயரத்தில் காற்று முழுக்க இல்லாமல் போவதில்லை, மிக மிக மெல்லியதாக இருந்தாலும் உராய்ந்துகொண்டே இருக்கும், கலம் சிறிது சிறிதாக வேகம் இழந்து இறங்கும். 185 கி.மீ. உயரப் பாதை சில நாள் தாங்கினாலே பெரிது. அதாவது பார்க்கிங் பாதை பெயரளவில் மட்டுமல்ல, இயற்பியல்படியே தற்காலிகமானது.

அடுத்த வகை, ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றிவிடுகிற பாதை. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் வால்டர் ஹோமான் என்ற ஜெர்மன் பொறியாளர், 1925-இல், செயற்கைக்கோள் என்ற ஒன்று பறப்பதற்கு 32 வருடம் முன்னால். ஒரு சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குப் போக, இரண்டையும் தொட்டுக்கொண்டு போகும் ஒரு நீள்வட்டம்தான் பெரும்பாலும் மிகச் சிக்கனமான வழி என்றார் அவர். தொலைக்காட்சி, வானிலை செயற்கைக்கோள்கள் எல்லாம் 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுபவை. ராக்கெட் பொதுவாக அவற்றை நேராக அங்கே கொண்டுபோய் வைப்பதில்லை. அடிமுனை 200 கி.மீ. பக்கத்திலும் மேல்முனை 36,000 கி.மீ. பக்கத்திலும் இருக்கும் ஒரு நீள்வட்டத்தில் விட்டுவிட்டு ராக்கெட்டின் வேலை முடிந்துவிடுகிறது. மேல்முனையில் கலத்தின் வேகம் நொடிக்கு 1.6 கி.மீ., அந்த உயரத்தில் வட்டமாகச் சுற்றத் தேவைப்படுவது 3.07 கி.மீ. மீதியைச் செயற்கைக்கோளே தன் இன்ஜினால், மேல்முனைக்கு வரும்போதெல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேய்மைப்புள்ளியில் கூட்டினால் அண்மைப்புள்ளி உயரும் என்றோமே, அதேதான். பாதையின் சாய்வைத் திருத்துவதும் அங்கேதான் மலிவு, ஏனென்றால் மெதுவாகப் போகும் பொருளின் திசையைத் திருப்புவது சுலபம்.

இந்த மாற்றுப்பாதையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. 2025 ஜனவரி 29-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதலாகப் போன என்விஎஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளை ராக்கெட் சரியாகவே விட்டது, ஆனால் செயற்கைக்கோளின் இன்ஜினுக்கு ஆக்சிகரணியை (எரிபொருள் எரியத் தேவையான பொருளை) விடும் வால்வு திறக்காததால் அது அந்த நீள்வட்டத்திலேயே நின்றுபோனது. அந்தப் பாதை நீண்ட நாள் வாழ ஏற்றதல்ல, ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளை ஊடுருவிப் போய் வர வேண்டும். மாறாக, 2010 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஏஇஎச்எஃப்-1 என்ற அமெரிக்க ராணுவத் தொடர்புச் செயற்கைக்கோளின் பெரிய இன்ஜின் பழுதானபோது, பொறியாளர்கள் அதன் சின்னச் சின்ன உந்திகளை மட்டும் வைத்துப் பதினான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, 2011 அக்டோபரில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ராக்கெட் விட்ட பாதை சில நாளுக்குள் விழுந்துவிடாத ஒன்றாக இருந்ததால்தான் அவ்வளவு பொறுமையாக வேலை செய்ய முடிந்தது.

இப்போது சந்திரயான்-3. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். எல்விஎம்3 ராக்கெட் 3,900 கிலோ எடையுள்ள கலத்தை சுமார் 170 x 36,500 கி.மீ. பாதையில் விட்டது. அண்மைப்புள்ளியில் அதன் வேகம் ஏறக்குறைய நொடிக்கு 10.3 கி.மீ. நிலா வரை எட்டும் நீள்வட்டத்துக்கு அதே இடத்தில் சுமார் 10.8 முதல் 10.9 வரை வேண்டும். கவனியுங்கள், 36,500 கி.மீ.யிலிருந்து 3,69,000 கி.மீ.க்கு, பத்து மடங்கு தூரத்துக்குப் போக, தேவைப்படும் கூடுதல் வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். கஷ்டமான வேலையை ராக்கெட் ஏற்கெனவே முடித்துவிட்டது.

ஆனால் கலத்தில் இருந்த இன்ஜின் சின்னது, அதன் உந்துவிசை 440 நியூட்டன். தரையில் 45 கிலோ மூட்டையைத் தாங்குகிற அளவு விசை, அவ்வளவுதான். அது 3,900 கிலோ கலத்தைத் தள்ளினால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 11 சென்டிமீட்டர் கூடும். தேவையான வேகத்தை ஒரே மூச்சில் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் இன்ஜின் ஓட வேண்டும். அந்த வேகத்தில் பத்து நிமிடத்திலேயே கலம் 6,000 கி.மீ. ஓடிவிடும், அண்மைப்புள்ளியை எப்போதோ தாண்டியிருக்கும். தாண்டினால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைத் தள்ளும்போது எங்கே தள்ளுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா நேரமும் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை, ஊஞ்சல் நம் கைக்கு வந்து திரும்பும் நேரத்தில் ஒரு தள்ளு, அப்புறம் சும்மா நிற்கிறோம், அது போய் வந்த பிறகு இன்னொரு தள்ளு. சின்னச் சின்னத் தள்ளுகள், ஆனால் சரியான இடத்தில். ஊஞ்சல் ஒவ்வொரு முறையும் இன்னும் உயரப் போகிறது. விண்கலத்துக்கு அந்தச் சரியான இடம் அண்மைப்புள்ளி, அதாவது அது மிக வேகமாக ஓடும் இடம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகமாக ஓடும் பொருளுக்குக் கொடுக்கும் அதே சிறிய உந்துதல் அதிக ஆற்றலைச் சேர்க்கிறது. கணக்குப் போட்டால், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தை, 10 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது சேர்த்தால் கிடைக்கும் ஆற்றல், 1.6 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது சேர்ப்பதைப் போல ஆறு மடங்கு. எரிபொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்! இதை ஓபெர்த் விளைவு என்பார்கள், ஹெர்மன் ஓபெர்த் என்ற ராக்கெட் அறிஞரின் பெயரால்.

அதனால் இஸ்ரோ அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தது. ஒவ்வொரு முறையும் கலம் பூமிக்கு அருகில் பாய்ந்து வரும்போது சில நிமிடம் எரி, நிறுத்து, ஒரு சுற்றோ பல சுற்றோ போய் வா, மறுபடி எரி. ஜூலை 15-இல் சேய்மைப்புள்ளி 41,762 கி.மீ. ஆனது. ஜூலை 17-இல் அண்மைப்புள்ளியை 226 கி.மீ.க்கு உயர்த்தினார்கள், அதனால்தான் அன்று மட்டும் தொலைவு அவ்வளவாகக் கூடவில்லை. பிறகு 51,400, அப்புறம் 71,351, ஜூலை 25-இல் 1,27,603 கி.மீ. அந்தக் கடைசிப் பாதையில் ஒரு சுற்றுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் நிலாவும் தன் வழியில் நகர்ந்து தேவையான நிலைக்கு வந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி இன்ஜினை எரித்து 288 x 3,69,328 கி.மீ. பாதைக்கு மாற்றினார்கள்.

ஒவ்வொரு எரிப்புக்கும் நடுவே கிடைத்த நேரத்தைச் சும்மா நினைத்துவிடாதீர்கள். இன்ஜின் உண்மையில் எவ்வளவு உந்தியது, பாதை எந்த அளவுக்கு எதிர்பார்த்தபடி மாறியது என்று அளந்து, அடுத்த எரிப்பைத் திருத்த முடிந்தது. இதன் மதிப்பு மங்கள்யான் பயணத்தில் நன்றாகத் தெரிந்தது. 2013 நவம்பர் 5-ஆம் தேதி பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போன அந்தக் கலமும் இதே முறையில்தான் பாதையை உயர்த்திக்கொண்டது. நவம்பர் 11-ஆம் தேதி நான்காவது எரிப்பில் ஒரு லட்சம் கி.மீ. எட்ட வேண்டியது, 78,276 கி.மீ. தான் எட்டியது. இன்ஜினுக்கு எரிபொருள் விடும் வால்வின் பிரதான மின்சுருளையும் மாற்று மின்சுருளையும் ஒன்றாக இயக்கிப் பார்த்தபோது எரிபொருள் பாய்வது நின்றுவிட்டது. மறுநாளே ஒரு கூடுதல் எரிப்பு செய்தார்கள், 1,18,642 கி.மீ. எட்டியது, டிசம்பர் 1-ஆம் தேதி கலம் திட்டமிட்டபடி செவ்வாயை நோக்கிக் கிளம்பியது. செவ்வாய்க்குப் போகும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பூமியைச் சுற்றும் பாதையில் அந்தத் தவறு நடந்ததால் ஒரு நாளில் சரிசெய்ய முடிந்தது, ஒரே எரிப்பை நம்பிக் கிளம்பியிருந்தால் அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது.

போய்ச் சேர்ந்த இடத்திலும் இதே கதைதான், தலைகீழாக. நிலாவையோ செவ்வாயையோ நெருங்கும் கலம் அதன் ஈர்ப்பில் வேகமெடுத்துக்கொண்டு வருகிறது, பிரேக் போடாவிட்டால் பாதை வளைந்து தாண்டிப் போய்விடும். இன்ஜினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைத்தால், முதலில் கிடைப்பது நீளமான, தளர்வான ஒரு நீள்வட்டம். பிடிபட்டுவிட்டால் போதும், மீதியை நிதானமாகச் செய்யலாம். சந்திரயான்-3 ஆகஸ்ட் 5-இல் 164 x 18,074 கி.மீ. பாதையில் நிலாவிடம் பிடிபட்டது. மறுநாள் 170 x 4,313. பிறகு 174 x 1,437, 150 x 177, ஆகஸ்ட் 16-இல் 153 x 163. அடுத்த நாள் விக்ரம் லேண்டர் பிரிந்தது, ஆகஸ்ட் 20-ஆம் தேதி 25 x 134 கி.மீ. பாதைக்கு இறங்கியது. அங்கே மூன்று நாள் காத்திருந்தது. எதற்கு? இறங்கும் இடத்தில் சூரியன் உதிப்பதற்கு. லேண்டர் சூரிய ஒளியில் இயங்குவது, நிலாவின் பகல் நமக்கு 14 நாள், அதை முதல் நாளிலிருந்து முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

நிலாவைச் சுற்றித் தாழ்வாகப் பறப்பதற்கும் ஒரு கால வரம்பு உண்டு. காற்று இல்லை என்றாலும் நிலாவுக்குள் பாறைப் பொருள் சமமாகப் பரவியிருக்கவில்லை, சில இடங்களில் அடர்த்தி அதிகம், அங்கே ஈர்ப்பும் அதிகம், அது பாதையை மெல்ல இழுத்துக் குலைக்கும். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 வீரர்கள் விட்டுவந்த ஒரு சிறிய துணைச் செயற்கைக்கோள் 35 நாளில் நிலாவில் மோதிவிட்டது. 25 கி.மீ. தாழ்வில் போகிற பாதையில் யாரும் குடியிருக்க முடியாது, இறங்கும் வரைதான்.

அந்தக் கடைசிப் படி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு அதே வாரத்தில் ரஷ்யாவின் லூனா-25 சாட்சி. ஆகஸ்ட் 11-இல் கிளம்பி 16-ஆம் தேதியே நிலாவின் சுற்றுப்பாதையை அடைந்துவிட்டது, சந்திரயானை முந்துகிறது என்றெல்லாம் பேச்சு. ஆகஸ்ட் 19-இல் இறங்குவதற்கு முந்தைய தாழ்ந்த பாதைக்கு மாற இன்ஜினை 84 நொடி எரிக்க வேண்டும், அது 127 நொடி எரிந்தது. அண்மைப்புள்ளி தரைக்குக் கீழே போய்விட்டது, கலம் நிலாவில் மோதியது. நிலாவில் பத்திரமாக இறங்குவதை உலகுக்கு முதலில் செய்து காட்டிய நாட்டுக்கு இப்படி நேர்ந்தது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

செவ்வாயில் தற்காலிகப் பாதை ஒரு பயணத்தையே காப்பாற்றிய கதையும் இருக்கிறது. 1971-இல் மூன்று கலங்கள் செவ்வாயை அடைந்தபோது கோள் முழுவதையும் மூடிய ஒரு புழுதிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 கலங்கள் சுற்றுப்பாதைக்குள் நுழைவதற்கு முன்பே லேண்டர்களைப் பிரித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன, காத்திருக்க வழியில்லை. ஒன்று மோதி அழிந்தது, மற்றது இறங்கியும் சில நொடிகளில் மௌனமானது. சுற்றுப்பாதையில் இருந்த அமெரிக்காவின் மரினர் 9, புழுதி அடங்கும் வரை வாரக்கணக்கில் காத்திருந்து பிறகு கோளைப் படமெடுத்தது. ஐந்து வருடம் கழித்து வைக்கிங் 1 ஜூன் 19-இல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குப் போனது, அமெரிக்காவின் 200-ஆவது சுதந்திர தினமான 1976 ஜூலை 4-ஆம் தேதி தரையிறக்க வேண்டும் என்பது திட்டம். மேலிருந்து எடுத்த படங்களில் தேர்ந்தெடுத்திருந்த இடம் கரடுமுரடாகத் தெரிந்தது. விழா நாளை விட்டுவிட்டார்கள். வேறு இடம் தேடி ஜூலை 20-இல் பத்திரமாக இறக்கினார்கள். சீனாவின் தியான்வென்-1-ம் 2021 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்து, பார்க்கிங் பாதையிலிருந்து இறங்குமிடத்தை மூன்று மாதம் ஆராய்ந்த பிறகுதான் மே மாதம் ரோவரை இறக்கியது.

செவ்வாயில் இன்னொரு வசதி, காற்று இருக்கிறது. எரிபொருளுக்குப் பதில் அந்தக் காற்றையே பிரேக்காக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு சுற்றிலும் அண்மைப்புள்ளியில் மேல்வளிமண்டலத்தை லேசாக உரசிக்கொண்டு போனால் சேய்மைப்புள்ளி தானாக இறங்கும். 2006-இல் மார்ஸ் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர் சுற்றுக்கு 35 மணி நேரமாக இருந்த தன் பாதையை, ஐந்து மாதத்தில் 400-க்கும் மேற்பட்ட முறை இப்படி உரசி இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. அதற்கு முன் 1997-இல் போய்ச் சேர்ந்த மார்ஸ் குளோபல் சர்வேயருக்கு ஒரு சூரியத் தகட்டின் மூட்டில் சேதம் இருந்ததால் உரசலை மெதுவாக்க வேண்டி வந்தது, வேலை 1999 வரை இழுத்தது. ஆனால் அந்தத் தாழ்ந்த உரசல் சுற்றுகளில்தான், செவ்வாயின் பழைய பாறைகளில் உறைந்திருக்கும் காந்தப்புலத்தை அது கண்டுபிடித்தது. ஒரு காலத்தில் செவ்வாய்க்கும் பூமியைப் போலக் கோளளவு காந்தப்புலம் இருந்தது என்பதற்கான ஆதாரம் அது. நிரந்தரப் பாதையின் உயரத்திலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

சந்திரயான்-3-இன் கதையும் தரையிறங்கியதோடு முடியவில்லை. லேண்டரை விட்டுவிட்டு நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த உந்துகலனில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்தது. அதை வைத்து 2023 அக்டோபர் 9-ஆம் தேதி அதன் சேய்மைப்புள்ளியை 5,112 கி.மீ.க்கு உயர்த்தினார்கள், 13-ஆம் தேதி மறுபடி எரித்து நிலாவின் பிடியிலிருந்து விடுவிக்கும் வழியில் செலுத்தினார்கள், நவம்பர் 10-இல் அது நிலாவின் ஈர்ப்பு எல்லையைத் தாண்டி வெளியே வந்தது. நவம்பர் 22-இல் பூமிக்கு 1.54 லட்சம் கி.மீ. அருகில் வந்து போனது. போன வழியிலேயே, படிகளை மேலிருந்து கீழாக இறங்குவதற்குப் பதில் கீழிருந்து மேலாக ஏறி, திரும்பி வந்துவிட்டது. இதைச் செய்து பார்த்ததற்குக் காரணம் அடுத்த திட்டம். நிலாவின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவர வேண்டிய சந்திரயான்-4 பூமியைச் சுற்றும் பாதையிலும் நிலாவைச் சுற்றும் பாதையிலும் பகுதிகளை இணைத்துப் பிரித்துத்தான் போய் வர முடியும், அந்த இணைப்புக்கான ஒத்திகையாக 2025 ஜனவரி 16-ஆம் தேதி ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு சின்னச் செயற்கைக்கோள்கள் பூமியின் சுற்றுப்பாதையில் ஒன்றோடொன்று வெற்றிகரமாக இணைந்தன.